அவர் கொடுத்தது இரும்புக் கேட் மட்டும்

நீங்கள் ஆதாரம் காட்டவில்லை. நீங்கள் எழுதிய வரியே ஊரைச் சுற்றிவிட்டு உங்களிடம் திரும்பி வந்தது. அதைப் பிடித்து ஆதாரம் என்று காட்டினீர்கள். முதலில் தெரியாமல் செய்திருக்கலாம். தெரிந்த பிறகும் எடுக்கவில்லை. என் கோபம் அதன் மேல்தான்.

யாரைச் சொல்கிறேன் என்று படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு. யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். தகராறு வந்தால் கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும். அங்கே நிருவாகி என்ற பொறுப்பில் இருப்பவர் நீங்கள். பழங்காநத்தத்தில் படித்து, வெளிநாட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்து எங்கள் ஊரின் தெருவையும் கோயிலையும் கண்மாயையும் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியவர். உழைப்பாளி. அதை மறுக்கவில்லை. முகம் தெரியாது. பயனர் பெயர் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

நான் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கை ஒட்டிய ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் போன் போட்டு, டைபாய்டாத்தான் இருக்கும், பார்த்துப் போடும்மா என்பார். குழாயில் இருப்பதைத்தான் போடுவேன். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அந்தப் பழக்கத்தோடுதான் கலைக்களஞ்சியத்துக்குப் போனேன். முதலில் பிரவுசிங் சென்டரில், பிறகு வீட்டில் இணைப்பு வாங்கி. மின்வெட்டுக் காலம் அது. பாதி எழுதும்போது கரண்ட் போகும், எழுதியது முழுக்கப் போகும். கரண்ட் வந்ததும் திரும்ப எழுதுவேன். ரத்த வகைகள், சர்க்கரை நோய், கொசு, யானைக்கால் என்று நான் எழுதிய கட்டுரைகள் இன்னும் இருக்கின்றன. எல்லோரும் என்னை ஆண் என்று நினைத்து ‘ஐயா’ போட்டு எழுதினார்கள். திருத்த நேரமில்லை, விட்டுவிட்டேன்.

இந்தத் தகராறு ஒரு சர்க்கரை டெஸ்ட்டில் ஆரம்பித்தது.

பழங்காநத்தத்தில் டூவீலர் ஸ்டாண்டு வைத்திருக்கும் ஒரு அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது. அவர்கள் விவசாயக் குடும்பம், நாங்கள் நெசவுக் குடும்பம், வீட்டில் எங்களுக்கு வேறு பாஷை. ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு அவர்களுடையது. மாட்டுக்கொட்டம் இருந்த இடத்தில் தகரம் போட்டு வண்டி நிறுத்தினார்கள். மாமா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அத்தைதான் டோக்கன் கிழித்துக் கொடுப்பார். மாதம் ஒரு முறை லேபுக்கு வருவார்.

அன்று கையை நீட்டும்போதே பேச்சு சூடாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக நுழைவு வளைவு கட்டப்போகிறார்களாம். மேலே கல் பதிக்கிறார்களாம். ‘பள்ளிக்கு நிலம் ஈந்த வள்ளல்’ என்று ஆலை அதிபர் ஒருவரின் பெயரைப் போடப்போகிறார்களாம்.

“அந்தாளு எங்க நெலம் குடுத்தாரு? கேட்டு குடுத்தாரு. இரும்பு கேட்டு. நெலம் அஞ்சு வீட்டுக்காரக குடுத்தது. கெழக்கு மூலை எங்களுது. இப்ப அதுல கக்கூஸு கட்டிருக்காக.”

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

“சொன்னேன். கம்ப்யூட்டர்ல எடுத்த தாள நீட்டுறாக. இதுல இப்படித்தேன் இருக்குங்கிறாக. நீதேன் அதுல எழுதுறியாம்ல? எங்க வீட்டுக்காரரு பேரப் போடச் சொல்லல. போடுறதா இருந்தா கக்கூஸுலதேன் போடணும். அடுத்தவன் பேரப் போடாம இருந்தாச் சரி. அம்புட்டுத்தேன்.”

இதுதான் விஷயம். ஒரு கல். அதில் ஒரு பெயர் ஏறுமா, ஏறாதா. உங்களுக்கு அது ஒரு கட்டுரையின் ஒரு வரி. அத்தைக்கு அது தினமும் டோக்கன் கிழிக்கும்போது தலைக்கு நேரே தெரியப்போகும் கல்.

வீட்டுக்குப் போய்ப் பள்ளியின் கட்டுரையைத் திறந்தேன். நீங்கள் எழுதியது. நன்றாகவே எழுதியிருந்தீர்கள். நடுவில் அந்த வரி இருந்தது: பள்ளிக்கான நிலம் முழுவதையும் ஆலை அதிபர் வழங்கினார். அடிக்குறிப்பு எதுவும் இல்லை. அதைத் திருத்தி, நிலம் கொடுத்தவர்கள் ஐந்து விவசாயக் குடும்பத்தார், ஆலை அதிபர் கொடுத்தது வாசல் கேட் என்று எழுதினேன். மறுநாள் காலையில் பழைய வரி திரும்ப வந்திருந்தது. காரணம் என்று நீங்கள் போட்டது: ஆதாரம் தருக.

சரியான கேள்வி. ஆனால் அந்த நிலம் வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுத்தது. பிறகு அளந்தபோது பள்ளிக்கூட இடம் என்றே பதிவாகிவிட்டது. யார் விட்டார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை. அத்தை சொன்னார் என்று அடிக்குறிப்புப் போட முடியாது. ஊரில் நான்கு பேரைக் கேட்டு எழுதுவதும் செல்லாது. அச்சில் வந்திருக்க வேண்டும், மற்றவர் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். அது விதி. அந்த விதியை வைத்து நானே எத்தனையோ பேரின் வரியை நீக்கியிருக்கிறேன். வேப்பிலையால் சர்க்கரை நோய் அடியோடு போகும் என்று எழுதியவரை ஆதாரம் கேட்டே துரத்தினேன்.

ஆகவே பேச்சுப் பக்கத்தில் வேறு மாதிரி கேட்டேன். என்னிடம் அச்சு ஆதாரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் என்ன இருக்கிறது?

அதற்கு நீங்கள் எழுதிய பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். நீங்கள் அந்தப் பள்ளியில் படித்தவராம். வாசலிலேயே அவர் பெயர் பெரிதாக எழுதியிருந்ததாம். தினமும் பார்த்தீர்களாம்.

நானும் தினமும் பார்த்தேன். ‘உபயம்’ என்று போட்டு அவர் பெயர். அந்தக் கேட்டுக்குப் போட்டது. நம் ஊரில் எதற்குத்தான் உபயம் எழுத மாட்டார்கள்? கோயில் டியூப்லைட்டில் எழுதி எழுதி வெளிச்சமே கீழே வராது. நம் பள்ளி பெஞ்சின் முதுகில் ஜவுளிக்கடை உபயம், தண்ணீர்த் தொட்டியில் நகைக்கடை உபயம், மணியில்கூட ஒருவர் உபயம். மணி கொடுத்தவர் பள்ளிக்கூடம் கட்டினார் என்று நீங்கள் எழுதவில்லையே. கேட் பெரிதாக இருந்தது, வாசலில் இருந்தது, அதனால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே அவர் கொடுத்தது என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டீர்கள். சின்னப் பிள்ளை நினைக்கலாம். கலைக்களஞ்சியத்தில் எழுதலாமா?

இதை இவ்வளவு நீளமாகவே பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். மரியாதையாக எழுதவில்லை என்று ஒருவர் குறிப்புப் போட்டார். நீங்கள் இதற்குப் பதில் சொல்லாமல், அந்தக் குடும்பங்களுக்கு நான் உறவா என்று கேட்டீர்கள். சொந்த நலன் இருந்தால் எழுதக் கூடாது என்று விதி இருக்கிறதே. உறவில்லை, சாதி வேறு, அந்த நிலத்தில் எங்களுக்கு ஒரு சாண்கூடக் கிடையாது என்று சொன்னேன்.

பிறகு ஒரு காலையில் உங்கள் வரிக்குப் பக்கத்தில் குட்டியாக ஓர் எண் முளைத்திருந்தது. அடிக்குறிப்பு. பள்ளியின் பொன்விழா மலர், பக்க எண்ணோடு. அச்சில் வந்தது. விதிப்படி சரி.

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மலரில் இருக்கிறது என்றால் நான்தான் தப்போ என்று நினைத்தேன். அத்தை பொய் சொல்வாரா? சொல்லமாட்டார். ஆனால் மறந்திருக்கலாம், மாமா சொன்னதைப் பெரிதாக்கியிருக்கலாம். குழாயில் இருப்பதைத்தான் போடுவேன் என்று பேசினேனே, குழாயைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

மலரைப் போட்டதும் வளைவு கட்டுவதும் ஒரே குழு. அதன் செயலாளர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கே.கே. நகரிலேயே, லேபுக்கு இரண்டு தெரு தள்ளி. நல்ல மனிதர், காபி கொடுத்தார். வளைவுக்குக் கல் சொல்லியாகிவிட்டது, எழுத்து மட்டும் இன்னும் வெட்டவில்லை என்றார். மலரை எடுத்துக் கொடுத்தார். வழவழப்பான தாள், முன்னால் வாழ்த்துரைகள், பின்னால் விளம்பரங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேல் பாதியில் ஆசிரியர்களின் குழுப் படம். கீழ்ப் பாதியில் பள்ளி வரலாறு. அந்த வரி இருந்தது. ஒரு எழுத்து மாறாமல் உங்கள் வரி. அதற்கு மேலே தடித்த எழுத்தில் தலைப்பு.

வரலாறு [தொகு].

கலைக்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ‘தொகு’ என்று இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பகுதியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அது கட்டுரை இல்லை, பொத்தான். அந்தப் பொத்தான் மலரில் அச்சாகியிருந்தது. ஆயிரம் முறை அழுத்தினாலும் தாளில் ஒன்றும் மாறப்போவதில்லை.

செயலாளர் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோனார். இது என்ன சார் என்று விரலை வைத்துக் கேட்டேன்.

“தொகுப்புன்னு போட வந்து பாதியில விட்டிருப்பாங்கன்னு நெனச்சேம்மா. புரூஃப் பாக்கும்போதே கேக்கணும்னு இருந்தேன்.”

வரலாறு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தட்டச்சு செய்து பக்கம் அமைத்த டிடிபி கடையில்தான் கேட்க வேண்டும் என்றார். திருப்பரங்குன்றத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கல்யாணப் பத்திரிகைகள் தொங்கும் சின்னக் கடை. ஆபரேட்டருக்கு என் வயது இருக்கும். மலரைப் பார்த்ததும் அவருக்கே அடையாளம் தெரிந்தது.

“நாந்தேன்க்கா போட்டேன். ஒரு ஜவுளிக்கடக்காரரு அரைப்பக்கம் விளம்பரம் தாரேன்னு சொல்லிட்டு கடைசியில கைய விரிச்சுட்டாரு. பக்கம் வெள்ளையாப் போனா கமிட்டிக்காரக வைவாக. நெட்ல ஸ்கூல் பேர அடிச்சேன், வந்துச்சு, எடுத்து ஒட்டிட்டேன்.”

“யார் எழுதினதுன்னு பாக்கலையா?”

“கலைக்களஞ்சியம்னு போட்டிருந்துச்சுக்கா. அதுலயே தப்பா எழுதியிருப்பாக?”

அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. நம் ஊரில் மலர் இப்படித்தான் தயாராகும். விளம்பரம் வராத இடத்தில் கோயில் படம் போடுவார்கள், பொன்மொழி போடுவார்கள், இல்லையென்றால் வரலாறு போடுவார்கள். அவர் அதையே செய்தார். கேட்டதும் மறைக்காமல் சொன்னார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

திரும்பி வந்து கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். கலைக்களஞ்சியத்தில் எனக்குப் பிடித்ததே இது. யார், எந்த நாள், எந்த வரியைச் சேர்த்தார், எதை எடுத்தார், எல்லாம் அப்படியே இருக்கும். யாராலும் அழிக்க முடியாது, என்னாலும் முடியாது. நீங்கள் அந்த வரியை எழுதிப் பல மாதங்கள் கழித்துத்தான் மலர் அச்சுக்குப் போயிருக்கிறது. ஆக, உங்கள் வரி மலருக்குப் போனது. மலர் கப்பல் ஏறி, முன்னாள் மாணவர் என்ற முறையில் உங்கள் வீட்டுக்கு வந்தது. நீங்கள் அதைப் பிரித்து, உங்கள் வரியைப் படித்து, ஆதாரம் கிடைத்தது என்று அடிக்குறிப்புப் போட்டீர்கள். உங்கள் சொந்த வாக்கியம் என்று உங்களுக்கே தெரியவில்லையா? ‘தொகு’ கண்ணில் படவில்லையா? நாள்முழுக்க அந்தப் பொத்தானை அழுத்துகிறவர் நீங்கள்.

மலரின் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்தேன். உங்கள் வரி சேர்ந்த நாளையும் மலர் வெளியான மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பேச்சுப் பக்கத்தில் போட்டேன். பிறகு கட்டுரையில் இரண்டு வரிகளை நீக்கினேன். ஒன்று உங்களுடையது. இன்னொன்று, ஐந்து குடும்பத்தார் நிலம் கொடுத்தார்கள் என்று முதல் நாளே நான் வேறொரு பத்தியில் எழுதி, உங்கள் கண்ணில் படாமல் நின்றது. அதற்கும் ஆதாரம் இல்லை. உங்களிடம் கேட்பதை என்னிடமும் கேட்க வேண்டும் அல்லவா? நிலம் யார் கொடுத்தது என்று எதுவுமே இல்லாமல் கட்டுரையை விட்டேன்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. ஸ்டாண்டில் வைத்துச் சொன்னபோது டோக்கனைக் கிழிக்காமல் என்னையே பார்த்தார்.

“அப்ப எங்களதையும் எடுத்துட்டியா?”

ஆமாம் என்றேன். காரணம் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

“நீ எங்க கட்சியா, அந்தாளு கட்சியா? மொதல்ல அதச் சொல்லு.”

யார் கட்சியும் இல்லை என்றேன். அது அவருக்கு இன்னும் கோபம். கொஞ்ச காலம் ரத்தம் கொடுக்க வேறு லேபுக்குப் போனார். பிறகு ஒருநாள் வந்து கையை நீட்டினார். அங்கே ஊசி வலிக்கிறதாம். நான் பஞ்சை நனைத்தேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்கிறேன். நான் நீக்கிய வரியைத் திரும்ப வைத்தீர்கள். வைத்துவிட்டுக் கட்டுரையைப் பூட்டினீர்கள். நிருவாகிகள் மட்டுமே தொட முடியும். பேச்சுப் பக்கத்தில் ஒரே வரி எழுதினீர்கள்: அச்சு ஆதாரம் உள்ளது, விவாதம் முடிந்தது. ஸ்கேனைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேதிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மற்ற நிருவாகிகளைக் கேட்டேன். உள்ளூர் விஷயம், அவருக்குத்தான் தெரியும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிறகு எனக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பினீர்கள். அதை இங்கே எடுத்துப் போட மாட்டேன். தனிக் கடிதத்தைப் பொதுவில் போடக் கூடாது என்பதும் அங்கே விதிதான், அதையும் மீற மாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: அதில் நீங்கள் என்னை மறுக்கவில்லை. பொதுவில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு மதிப்புப் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. பயம் எனக்குப் புரிகிறது. லேபில் நானும் ஒருமுறை தப்பாகப் போன ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். வாங்கித் திருத்திக் கொடுத்தேன், கிளினிக் வாசலில் எல்லோரும் பார்க்க. யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

செயலாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். ஸ்கேன், தேதி, ஆபரேட்டர் சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவில் பேசினார். குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி எழுத்தை வெட்டிவிடலாம் என்றது, ஒரு பாதி கூடாது என்றது. கடைசியில் அவர் எனக்குச் சொன்ன முடிவு இதுதான்.

“அவரு நம்ம ஸ்கூல்ல படிச்சவரு, பெரிய படிப்பு, எல்லாரும் அவர மதிக்கிறாங்க. இது தப்புன்னு அவரே ஒரு வார்த்தை எழுதட்டும்மா. அந்தப் பெயரை எடுத்திருவோம். அதுவரைக்கும் வெட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

வளைவு கட்டியாகிவிட்டது. கல்லையும் பதித்தாகிவிட்டது. எழுத்து மட்டும் இல்லை. மதுரையில் வெறும் கல் எத்தனை நாள் வெறுமையாக இருக்கும்? முதலில் டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டினார்கள். அதன் மேல் பூப்புனித நீராட்டு விழா. அதன் மேல் கண்ணீர் அஞ்சலி. கார்ப்பரேஷன்காரர்கள் கிழித்தால் அடுத்த வாரம் வேறு முகம். அத்தை ஸ்டாண்டில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் யார் நெலம் குடுத்தாகன்னு வந்து பாருத்தா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். சிரிக்கிறார்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கல்லை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் சிரிக்கிறார். எந்த நாளும் குழுவில் வெட்டச் சொல்லும் பாதி ஜெயித்துவிடலாம். உளி எடுத்துக்கொண்டு ஆள் ஏறிவிடலாம். வெட்டியபின் அந்த வளைவைப் படம் எடுத்து இரண்டாவது அடிக்குறிப்பாக நீங்களே போடுவீர்கள். கல்லிலேயே இருக்கிறது என்பீர்கள்.

நான் கலைக்களஞ்சியத்தை விட்டு ஓடவில்லை. ஓடினால் உங்களுக்கு வசதி. இன்றும் கட்டுரை எழுதுகிறேன், அடிக்குறிப்புப் போடுகிறேன், என் வரிக்கு யாராவது ஆதாரம் கேட்டால் தேடிக் கொடுக்கிறேன், கிடைக்காவிட்டால் எடுத்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை, அத்தை ரத்தம் கொடுத்துவிட்டுப் போன அன்று, பள்ளியின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன். நான் முன்னால் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக அங்கே நிற்கின்றன. உங்கள் பதில் இல்லை.

கட்டுரையைத்தான் பூட்டினீர்கள். பேச்சுப் பக்கம் திறந்துதான் இருக்கிறது. ஐந்து குடும்பத்தின் பெயரை எழுதச் சொல்லவில்லை. மன்னிப்பும் வேண்டாம். மலரில் இருப்பது உங்கள் வரிதானா, அந்த வரியை எழுதியபோது அந்தக் கேட்டைத் தவிர உங்களிடம் வேறு என்ன இருந்தது, இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். எனக்கு மின்னஞ்சலில் வேண்டாம். செயலாளரும், குழுவும், அத்தையும், கல் வெட்டப்போகிறவரும் படிக்கிற இடத்தில், உங்கள் பயனர் பெயரிட்டு, தேதியிட்டு எழுதுங்கள்.